சனிக்கிழமைப் புதையல்காரி

ஊர் காட்டுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பார்க்க வந்தவர் வாயைப் பிளப்பதற்கு முன்னால் காட்ட வந்தவர் பிளந்துவிடுவார்.

நான் பிறந்தது சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில். கலியாணம் முடித்து வந்தது பருத்தித்துறைக்கு, கடலோடிகளின் குடும்பத்துக்கு. வீட்டில் வரலாறு ரியூசன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், கணவரின் அக்கா சுகந்தி மச்சாளையும் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் ‘புதையல் நடை’ தொடங்கினேன். வருகிறவர்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து, ஒரு தாளில் இருக்கும் பத்து விடுகதைகளுக்கும் ஊருக்குள் நடந்து விடை தேட வேண்டும். முதலில் முடித்து இறங்குதுறைக்கு வரும் அணிக்கு மச்சாள் பொரித்த தட்டைவடை ஒரு பெட்டி. இதில் அதிர்ச்சிக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் ஆட்கள்

நோட்டீசில் கொட்டை எழுத்தில் ‘பருத்தித்துறையில் புதையல், சனி காலை ஏழரை’ என்று போட்டிருந்தோம். நடை, வரலாறு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கீழே பொடி எழுத்தில். இந்த நாட்டில் புதையல் என்றால் மண்வெட்டி, பூசைச் சாமான், பிறகு பொலிஸ் என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

முதற் சனி ஏழேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர்கள் இரண்டு பொலிஸ்காரர். எங்கே தோண்டப் போகிறீர்கள், மண்வெட்டி பாரை எல்லாம் எங்கே என்று மூத்தவர் கேட்டார். மச்சாள்தான் என் பையைப் பறித்துத் திறந்து காட்டினார். உள்ளே தாள்கள், பேனைகள், இரண்டு பைக்கற் பிஸ்கற். மூத்தவர் ஒரு தாளை எடுத்தார். சிங்களவர், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் போல. ‘வீதிக்கே குடை பிடிக்கும் மடம் எது?’ என்பதில் கண் நின்றது. பிறகு இரண்டாவதுக்கு இறங்கியது. ரியூசன் பிள்ளைகளின் தாய்மார் இதைக் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் தாளைத் திருப்பித் தந்தார்.

“முதலாவது தெருமூடி மடம். ரெண்டாவது வெளிச்சவீடு. மூணாவதுதான் தெரியாது, மிஸ்.”

ஒல்லாந்தர் மதில்

ஐந்தாம் கேள்விக்கு விடை ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருந்த மதில். இரண்டு முழத் தடிப்பு, முழுக்கக் கடல் முருகைக்கல். ஒல்லாந்தர் கட்டியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தடிப்பைப் பார்த்து நானே முடிவு செய்தேன். அதில் ஒரு கல் கரி படிந்து கறுத்திருக்கும். அதைத் தொட்டுக் காட்டி, பீரங்கிப் புகை என்று ஐந்து சனியாகச் சொல்லி வந்தேன். பிள்ளைகள் அந்தக் கல்லோடு நின்று படம் எடுப்பார்கள்.

ஆறாம் சனி, நான் பீரங்கிக்கு வந்தபோது அந்த வளவின் படலைக் கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து, நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் மரியாதையாக நின்று கேட்டார். பிறகு என்னை மட்டும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். சண்டைக்குள் இடம்பெயர்ந்து போய்ப் பல வருடம் கழித்து வந்து பார்க்க, வீடு கூரையில்லாமல் கல்லுக் குவியலாகக் கிடந்ததாம். உடனே வீடு கட்ட வழியில்லை. வளவையாவது மறைப்போம் என்று அவரும் கணவரும் விழுந்த சுவர்க் கல்லைத் தூக்கி அடுக்கினார்களாம். கணவர் இப்போது இல்லை. அந்த அம்மாவின் குரலில் கோபமே இல்லாததுதான் எனக்கு மோசமாக இருந்தது. அந்தக் கறுத்த கல்லை உள்ளங்கையால் ஒருக்கால் தடவிவிட்டுச் சொன்னார்:

“பீரங்கியில்லைப் பிள்ளை. உது என்ரை குசினி அடுப்புப் புகை.”

இரண்டாம் கேள்வி

‘ஒற்றைக் காலில் நின்று நாள் முழுக்கக் கடலைப் பார்ப்பவர் யார்?’ பொலிஸ்காரர் அன்று கண்டுபிடித்த அதே கேள்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியிலிருந்து வந்த கம்பஸ் மாணவர் நாலு பேர் அதற்குக் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டை எழுதவில்லை. ‘சிவகுரு ஐயா’ என்று எழுதியிருந்தார்கள். சிவகுரு ஐயா எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. கடற்றொழில் செய்தவர். கரைக்குப் போகிற வழியில் மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். விடியத் தொடங்கி இருட்டும் வரை வாசலில் கதிரை போட்டுக் கடலைப் பார்த்தபடி இருப்பார். இந்த நாலும் கடைக்காரரிடம் விசாரித்து, நேரே அவரிடம் போய், தாளை நீட்டி, நீங்கள்தானா என்று கேட்டிருக்கின்றன.

நானும் மச்சாளும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். மனதுக்குள் ஆயத்தம் செய்த மன்னிப்பை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படுவதாகக் காணோம். பெடியள் முக்கால் மணித்தியாலம் நிலத்தில் குந்தியிருந்து, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பாய் கட்டுவது, எந்த நட்சத்திரத்தைப் பிடித்துக் கரைக்கு வருவது என்று எல்லாம் கேட்டு எழுதினார்களாம். வந்து ஆறுதல் சொல்லிப் போனவர்கள் பலபேர், இப்படி இருந்து கேட்டவர்கள் ஒருவருமில்லை என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்ப, அவர் கையைக் காட்டி மறித்தார்.

“அது கிடக்கட்டும். பெடியளுக்குப் புள்ளி போட்டனீங்களோ, இல்லையோ?”

எழுத்துப் பிழை

ஒன்பதாம் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. ‘எழுத்துப் பிழையோடு கடலுக்குப் போனவள் யார்?’ கரையில் ஒரு பழைய வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. சுகந்தி மச்சாளின் சித்தப்பாவுடையது. அதன் பக்கப் பலகையில் வெள்ளைப் பெயின்றால் ‘கருனாவதி’ என்று எழுதியிருக்கும். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. அணிகள் கண்டுபிடித்துச் சிரிக்கும். ரியூசன் ரீச்சர் நானும் சேர்ந்து சிரிப்பேன். பெயின்ற் அடித்தவர் விட்ட பிழை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஒரு சனி, இணுவிலில் இருந்து ஓர் அம்மா தனியாக வந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதிவுக் கொப்பியில் ‘திருமதி நடராசா’ என்று எழுதினார். அவரை ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டேன். நடை முழுக்க விடைகளை முதலில் சொன்னவர் அவர்தான். வள்ளத்தடிக்கு வந்ததும் மற்றவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிட்டப் போய் அந்த எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று தண்ணீர்ப் போத்தலோடு ஓடினேன். என் பக்கம் திரும்பாமலே, தன் பெயர் கருணாவதி என்றார்.

எனக்குப் போத்தல் கைநழுவி விழுந்தது. யாருடைய வள்ளம் என்று அவர் கேட்டார். மச்சாள் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். ஆள் எங்கே என்று கேட்டார். சுனாமி அவரைக் கொண்டுபோனதையும், வள்ளம் மட்டும் பனையடியில் கிடந்ததையும், அவர் கடைசிவரை கலியாணம் செய்யாததையும் மச்சாள் சொன்னார். அந்தப் பெயரை வேறு யாரும் எழுதவில்லை, சித்தப்பா தன் கையாலேயே எழுதினார் என்பதும் அப்போதுதான் மச்சாளுக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மா மணலில் இருந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துப் படித்த காலத்தில் இருவருக்கும் பழக்கமாம். கடற்கரைப் பக்கம் சம்பந்தம் வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். என் அம்மா அப்பா பருத்தித்துறையில் என் வீட்டுப் படியேற மூன்று வருடம் எடுத்தது. எனக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அவர் நடையைப் பாதியில் விடவில்லை. இறங்குதுறைக்கு வந்து, தன் அணியோடு இருந்து வடை சாப்பிட்டார். பஸ் ஏற்றிவிடப் போனபோது, அந்தக் கேள்வியை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டுமென்றால் நாளைக்கே பெயின்ற் வாங்கி எழுத்தைத் திருத்திவிடுகிறோம் என்றார் மச்சாள். பஸ் புறப்படுகிற நேரம் அவர் யன்னலால் எட்டிச் சொன்னார்:

“கேள்வியை எடுங்கோ. எழுத்திலை கை வைக்காதேங்கோ. அவர் எனக்கு எழுதின கடிதம் எல்லாத்திலையும் உந்தப் பிழைதான் இருந்தது.”

கேள்வியை எழுதுகிறவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வர இருப்பவர்கள், தயவுசெய்து சனிக்கிழமைகளில் வீட்டில் படுத்து நித்திரை கொள்ளுங்கள்.