வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்ன ரகசியம்

பல்செட் செய்வதில் அவளுக்குப் பதினெட்டு வருட அனுபவம். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முகம் தெரியாத ஒருவரின் சிரிப்பை உட்கார்ந்த இடத்திலேயே செய்துவிடுவாள். ஞாயிறு மதியங்களில் சோபா கடை மாடியில் நடக்கும் போக்கர் போட்டியில் அவளுக்குப் ‘பல்லக்கா’ என்று பெயர். சிமென்ட் லாரி ஓட்டும் அவள் கணவர்தான் முதலில் அங்கே போனவர். துணைக்குப் போனவள் அவரை முந்திவிட்டாள். அதன் பிறகு அவர் ‘பல்லக்கா வீட்டுக்காரர்’ ஆகிப்போனார்.

கையிலிருக்கும் பந்தய வில்லைகளை, அதாவது சிப் மொத்தத்தையும், எப்போது நடுவில் தள்ளுவது என்பதில்தான் அவள் கெட்டிக்காரி. போட்டியில் கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே சிப் கரையும். ஒருநாள் இஸ்திரி மேசையில் சீட்டைப் பரப்பி, கணவருக்கு மட்டும் விளக்கினாள்.

“கட்டாயப் பந்தயத்துக்குப் பத்து மடங்குகூட கையில இல்லைன்னா யோசிக்கவே கூடாதுங்க. ஏஸும் ராஜாவும் வந்தாலும் சரி, நல்ல ஜோடி வந்தாலும் சரி, மொத்தமா தள்ளிடணும். மெழுகு ஆறிட்டா பல்லு நிக்காது.”

“நிறைய இருந்தா?”

“பெரிய ஜோடிக்கு மூணு மடங்குதான் போடுவேன். மொத்தத்தையும் தள்ளினா எல்லாரும் ஓடிடுவாங்கல்ல? நிறைய வச்சுக்கிட்டு நான் தள்ளினேன்னா, கையில பத்து ஜோடி மாதிரி ஏதோ நடுத்தரமா இருக்கு, எனக்கு பயம்னு அர்த்தம்.”

இருவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே ஆட்டம் கைவிட ஆரம்பித்தது. அவள் மூன்று மடங்கு போட்டால் மேசையே சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிக்கொண்டது. மூன்று மாதம் தன் ராசியைத்தான் நொந்துகொண்டாள்.

முதலிடம் பிடிப்பவருக்குப் பெரிய போட்டியில் ஓர் இடம் என்று அறிவித்த ஞாயிறு அது. எட்டுப் பேர் மிச்சம். ஒன்பது மடங்கு சிப்போடு இருந்தவள், ராணி ஜோடி வந்ததும் மொத்தத்தையும் தள்ளினாள்.

கூட ஆடிய சலூன்காரர் அதே அளவு சிப்பை எதிர்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “என்ன பல்லக்கா, மெழுகு ஆறப்போகுதா?”

அந்த ஆட்டத்தில் அவள்தான் ஜெயித்தாள். ஆனால் சிப்பை வாரியெடுக்கக் கை வரவில்லை. இஸ்திரி மேசை முன்னால் சொன்ன வார்த்தை இவர் வாய்க்கு எப்படி வந்தது? எதிரே கணவர் தலை நிமிராமல் சிப்பை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்து முப்பது மடங்குக்கு வந்தபோது, அவளுக்கு ராஜா ஜோடி வந்தது. மூன்று மடங்கு போட வேண்டிய இடம். மொத்தத்தையும் தள்ளினாள்.

கணவரின் முகம் மலர்ந்தது. “நானும்” என்று எல்லாவற்றையும் நகர்த்தி, ஜாக்கி ஜோடியைத் திருப்பிப் போட்டார். அவள் ராஜாக்களைக் காட்டினாள். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழுந்த ஐந்து சீட்டும் அவருக்கு உதவவில்லை.

“நீ எங்கிட்ட சொன்னது வேறயாச்சே!”

“உங்ககிட்ட மட்டும்தாங்க சொன்னேன். நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்க?”

சலூன்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

அன்று அவளுக்கு மூன்றாம் இடம். கட்டாயப் பந்தயம் ஏறி ஏறி, கையிருப்பு எட்டு மடங்காகக் கரைந்திருந்தபோது ஏஸும் ராஜாவும் வந்தன, தள்ளினாள், சலூன்காரரின் ஏழு ஜோடியிடம் தோற்றாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தள்ள வேண்டிய நேரத்தில்தான் தள்ளியிருந்தாள்.

கீழே வண்டியருகில் கணவர் நின்றிருந்தார்.

“விளையாட்டுதானே, அதுக்குப் போய்...”

“விளையாட்டை மட்டும்தான் சொன்னீங்களா? இல்ல, நம்ம வீட்டுக் கதையையும் சேர்த்தா?”

அவர் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் என்னைப் பல்லக்கா வீட்டுக்காரர்னே கூப்பிடுறாங்க. எனக்கும் ஒரு பேர் இருக்குல்ல?”

ஒரு நொடி அவர்மேல் பரிதாபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்பது மட்டும் மனதில் தங்கியது.

இப்போது சனிக்கிழமைகளில் வேறோர் இடத்தில் தனியாக ஆடுகிறாள். திரும்பி வந்ததும் அவர் கேட்பார்: “இன்னைக்கு என்ன சீட்டு வந்துச்சு?”

“ஞாபகம் இல்லைங்க” என்பாள்.