நடு தவறிய துளை

எனக்குப் "பாம்புச் செவி" என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. வைத்தவர் எங்கள் மானேஜர். பெயர் வைத்த அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

அது யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயத்தில், நான் வேலை பார்த்த சின்ன இசைத்தட்டுக் கம்பெனியும் தன் அச்சு யந்திரங்களை ஏற்றிக்கொண்டு அம்பத்தூருக்கு வந்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டுக் கொட்டகை. முன்பு நெல் அரைத்த இடம். மழை பெய்தால் சுவரிலிருந்து தவிட்டு வாசனை வரும். பாட்டுப் பதிவெல்லாம் பட்டணத்தில்தான் நடக்கும். அங்கிருந்து எங்களுக்கு அச்சுத் தகடுகள் வரும், தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக. அரக்கும் கல்தூளும் கரியும் கலந்த கலவையைச் சூட்டில் இளக்கி, ரொட்டி மாதிரி மடித்து, இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் இசைத்தட்டு ஆகிவிடும்.

அழுத்துகிறவர் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சூட்டில் வெந்து வெந்து அவர் விரல் நுனிகளில் ரேகையே இருக்காது. என்னை "நைனா" என்றுதான் கூப்பிடுவார். அவர் அழுத்திக் கொடுப்பதைப் போட்டுக் கேட்டுச் சரி என்றோ தள்ளுபடி என்றோ சொல்வது என் வேலை. சரி என்றால் உறையின் மூலையில் ஊதா மையில் என் முத்திரை விழும். அது விழாமல் ஒரு தட்டும் கொட்டகையை விட்டுப் போகாது.

தள்ளுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. யுத்தத்தில் அரக்கு கிடைக்கவில்லை. ஓய்ந்துபோன பழைய தட்டுகளை உடைத்து அரைத்துப் புதுக் கலவையில் சேர்த்தோம். அதில் ஒரு துணுக்குக் காகிதம் தப்பி வந்தாலும் போதும், புதுத் தட்டில் அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் கேட்கும். சிலது வெயிலில் வைத்த முறம் மாதிரி வளைந்திருக்கும். சிலதில் காற்றுக் குமிழ் இருக்கும். ஊசி அந்த இடத்துக்கு வந்ததும் விக்கும். இதையெல்லாம் நான் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். கர்வத்தோடுதான் சொல்கிறேன், அப்போது அப்படித்தான் இருந்தது என் காது.

ஆனால் எல்லாத் தட்டையும் முழுசாகக் கேட்க முடியுமா? அதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. "தலை, நடு, வால்" என்போம். ஆரம்பத்தில் கொஞ்சம், மத்தியில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் ஊசியை வைத்துக் கேட்டுவிட்டு முத்திரை குத்துவது. புது அச்சுத் தகடு மாட்டினால் மட்டும் முதல் தட்டை முழுசாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நான் எப்போதோ மறந்துவிட்டேன். பாம்புச் செவிக்கு எதற்கு விதி?

அந்த வாரம் ஒரு புதுப் பாடகியின் தட்டு அச்சுக்கு வந்தது. நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டிப் பாடுகிறவள், இதுதான் முதல் தட்டு என்று சொன்னார்கள். முதல் பக்கம் துள்ளலான பாட்டு. இரண்டாம் பக்கம் தாளமில்லாத விருத்தம், இழுத்து நிறுத்திப் பாடுவது. பாய் முதல் பத்துத் தட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"நைனா, ரெண்டாம் பக்கத்துத் தகடு ஒரு மயிரிழை நவுந்துகினு கீதுன்னு தோணுது. முழுசா ஒரு தபா கேட்டுட்டு முத்திரை போடு."

வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் அப்போது கொட்டகையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவன் காதைத் தாண்டி ஒரு தட்டு போகாது" என்று மானேஜர் சற்று முன்புதான் என்னைக் காட்டிச் சொல்லியிருந்தார். அந்தப் போதையில் இருந்தேன்.

"என் காதுக்கே பாடம் சொல்றீங்களா பாய்?" என்றேன், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு யந்திரத்துக்குப் போனார். நான் தலை, நடு, வால் கேட்டேன். மூன்று இடத்திலும் சொற்கள் வேகமாகப் போயின, கோளாறு எதுவும் காதில் படவில்லை. சரி என்றேன். இரண்டு நாளில் அவ்வளவு தட்டும் என் முத்திரையோடு பெட்டிக்குள் போய்விட்டன.

இரண்டாம் நாள் பிற்பகல், வேலையில்லாத ஒரு அரைமணியில், அந்தக் குரல் நன்றாக இருந்ததே என்று சும்மா அந்த விருத்தத்தைப் போட்டேன். முதல் தடவையாக முழுசாக. தலைக்கும் நடுவுக்கும் இடையில் ஒரு நீண்ட கார்வை வந்தது. ஒரே ஸ்வரத்தில் மூச்சு முட்ட நிற்க வேண்டிய இடம். அது நிற்கவில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கேட்கவே சங்கடமாக இருந்தது. பாவி, சுருதியே இல்லையே என்று நினைத்தபடி தட்டைப் பார்த்தேன். ஊசிக் கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

துளை நடுவில் இல்லை. அச்சு நடு தவறிய வண்டிச் சக்கரம் எப்படிச் சுற்றும்? அப்படித்தான் அந்தப் பக்கம் சுற்றியது. துள்ளலான பாட்டில் அது தெரியாது. நிறுத்திப் பாடுகிற இடத்தில் குரலையே ஆட்டிவிடும். பாய் சொன்ன மயிரிழை அதுதான்.

பெட்டிகள் இன்னும் கொட்டகையில்தான் இருந்தன. மறுநாள் காலையில்தான் லாரி. வெளியே பாய் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. "நீங்க சொன்னதுதான் சரி, பாய்." நாலு வார்த்தை. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நான் ஊசியை எடுத்து வைத்துவிட்டு, தட்டை உறையில் போட்டேன். டீக்கடை இரைச்சலில் யார் இதையெல்லாம் கவனிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் லாரி போயிற்று.

ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். திருவேற்காட்டிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தட்டைப் பழைய புடவைத் துண்டில் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணே, பிளேட்டு கேட்டுப் பாக்குறவரு நீங்கதானா?"

விஷயத்தைச் சொன்னாள். மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்றில் அவளைக் கதாநாயகி வேஷத்துக்குச் சேர்ப்பதாக இருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து நேரில் வந்து கேட்க முடியாது, தட்டு வரட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார் முதலாளி. கேட்டுவிட்டுக் கடிதம் போட்டுவிட்டார். இரண்டாம் பக்கத்தில் குரல் ஆடுகிறது, சுருதி நிற்காதவளை மேடையில் நிறுத்த முடியாது என்று.

"நானு இப்பிடிப் பாடலண்ணே. மிஷின்ல எதனா கோளாறு கீதான்னு பாருங்க. பிளேட்லதான் தப்புன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தீங்கன்னா போதும், அவுங்க ஒத்துக்குவாங்க."

தட்டைப் போட்டேன். வேறு என்ன செய்வது? அந்தக் கார்வை வந்தது, ஆடியது. ஊசிக் கை அவள் கண்ணில் படாதபடி நான் குனிந்து நின்றுகொண்டேன். இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகப் போய் மறைத்துக்கொண்டது.

அவள் ஊசியை எடுக்கச் சொன்னாள். எதிரொலிக்காமலிருக்கச் சுவரில் சாக்கு கட்டிய என் சின்ன அறையில், ஆர்மோனியமும் இல்லாமல், அதே இடத்தை எடுத்துப் பாடிக் காட்டினாள். ஸ்வரம் பானைத் தண்ணீர் மாதிரி அசையாமல் நின்றது. அச்சுக் கூடத்தில் யந்திரச் சத்தம் நின்றுபோயிற்று. பாய் கதவருகில் வந்து நின்றார்.

"இப்பிடித்தானேண்ணே பாடியிருப்பேன்?"

பாய் என்னைப் பார்த்தார். மானேஜரும் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முத்திரை என்னுடையது. காகிதம் எழுதினால் அது என் காதைப் பற்றிய காகிதம்.

"மிஷின் நீ பாடினதைத்தாம்மா பாடும்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரக்கப்படுகிறவன் மாதிரி மேலும் சொன்னேன். "முதல் தடவை பாரு, பயத்துல குரல் கொஞ்சம் ஆடியிருக்கும். எல்லாருக்கும் வர்றதுதான்."

அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. யோசித்தாள். என் கண்ணெதிரில் தனக்குள் தப்பைத் தேட ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் காலைல தொண்ட கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "அதனாலயா இருக்கும், இல்லண்ணே?"

"இருக்கும்," என்றேன்.

தட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு, "உங்க வேலயக் கெடுத்துட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பாய் அப்போதும் கதவருகிலேயே நின்றார்.

"ரெண்டாம் பக்கத்துத் தகட்டைக் கழட்டி சரியா மாட்டிட்டேன், சார்," என்றார்.

நைனாவாக இருந்தவன் சார் ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னை வேறு எப்படியும் கூப்பிடவில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த மரியாதையைப்போல எதுவும் என்னைச் சுட்டதில்லை. மானேஜரிடம் அவர் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சரியாக மாட்டிய தகட்டுக்கு வேலையே வரவில்லை. சுருதி இல்லாத பாடகி என்று கடைகளில் பேச்சாகி, தட்டு விற்காமல் நின்றுவிட்டது. மூன்று வருடம் போயிற்று. அரக்குப் பஞ்சம் முற்றி, விற்காத தட்டுகளையெல்லாம் உடைத்து அரைக்கச் சாக்குச் சாக்காகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு சாக்கை அவிழ்த்தால் எல்லாம் அவளுடையது. ஒவ்வொரு உறை மூலையிலும் என் ஊதா வட்டம்.

ஒன்றை எடுத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், உருண்டை அரத்தால் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, சுற்றவிட்டு, நகர்த்தி, மறுபடி சுற்றவிட்டு, ஊசிக் கை அசையாமல் நிற்கும்வரை சரிபண்ணினேன். ஐந்து நிமிஷ வேலை. பிறகு கேட்டேன். அந்தக் கார்வை நின்றது. சாக்கு அறையில் அவள் பாடிக் காட்டியது போலவே, ஒரு பிசிறு இல்லாமல். நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே அன்று உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டிக் கிராமபோனை சைக்கிள் காரியரில் கட்டிக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் விசாரித்ததில் வீட்டைக் காட்டினார்கள். ஆவடிப் பட்டாள டிப்போவில் சாக்கு தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். விரல்களில் கோணி ஊசி குத்திய தழும்பு. பாடுவதை விட்டாயிற்றா என்று கேட்டேன். வாயைத் திறந்தாலே ஆடுதோ என்று சந்தேகம் வருகிறது, சந்தேகம் வந்ததும் நிஜமாகவே ஆடிவிடுகிறது என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தட்டைப் போட்டேன். துளை அகலமாகிவிட்டதால் தட்டு நகராதபடி ஒரு விரலால் நடுவில் பிடித்துச் சரிபண்ணிவிட்டு ஊசியை வைத்தேன். கார்வை வந்த இடத்தில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அது முடிந்த பிறகும் விடவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். விருத்தம் முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தது.

"நான்தானே அது?" என்றாள்.

"நீதாம்மா. ஓட்டை நடுவுல இல்ல. தப்பெல்லாம் தட்டுலதான்."

"எப்போண்ணே கண்டுபுடிச்சீங்க?"

அம்பத்தூரிலிருந்து அங்கே வரும் வரைக்கும் மிதித்து மிதித்து ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது. அன்றைக்கே தெரியும், நீ வருவதற்கு முன்பே தெரியும். அதைச் சொல்லத்தான் போனேன்.

"போன வாரம்," என்றேன்.

அவள் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துளையின் ஓரத்தில் நான் அராவிய இடத்தை விரலால் தடவினாள். அவள் கண்ணில் என்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கொஞ்சம்கூட இல்லை.

"மூணு வருசமா என் தொண்டயத் திட்டிகினு இருந்தேன். நீங்களும் பிளேட்ட நம்பி ஏமாந்துட்டீங்க. இம்மாந்தூரம் இத்தத் தூக்கிகினு வந்து சொல்றீங்களே," என்றாள். "பாவம்ண்ணே, நீங்க."

அவள் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். பாம்புச் செவிக்கு அந்தச் சொல் சரியாகவே கேட்டது.