கணினிக்கு ஓதி ஊற்றிய தண்ணீர்

இன்று மாலை வலீமா விருந்து. அங்கே திரையில் ஓட வேண்டிய, நான் எடிட் செய்யும் நிக்காஹ் வீடியோ பாதியில் நிற்கிறது. உள்ளே தண்ணீர் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் என் கணினி சூடேறிச் சூடேறித் தானாக அணைகிறது. மாப்பிள்ளை காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறார்.

கல்முனையில் கணினி திருத்தும் நண்பனின் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

புரொசசருக்கு மேலிருந்த செப்புக் கட்டையைக் கழற்றினான். உள்ளே மயிரிழை போன்ற வரிகள். தண்ணீர் நடுவால் நுழைந்து, அந்த வரிகளுக்கிடையே ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு இரு பக்கமும் வெளியேற வேண்டும். ஆனால் வரியெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருந்தது.

"என்ன மச்சான், கிணத்துத் தண்ணியா ஊத்தின?"

நான் ஊற்றவில்லை. உம்மாவுக்கு அழைத்தேன்.

"ஓம் மகன், சுடுது சுடுதெண்டு நீதானே கத்தின. சும்மா இல்ல, குர்ஆன் ஓதித்தான் ஊத்தினன்."

கட்டையைச் சுத்தம் செய்து, உப்பில்லாத டிஸ்டில்ட் வோட்டர் நிரப்பி, மீதிப் போத்தலோடு வீடு வந்தேன். வீடியோ இப்போது ஊர்ந்து ஊர்ந்து ரெண்டர் ஆகி உருவாகிறது. மாப்பிள்ளை மறுபடியும் அழைக்கிறார்.

உம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் போத்தலத் தா மகன், ஓதித் தாறன்."

மூடியைத் திறந்து நீட்டிவிட்டேன். நீங்களென்றால் நீட்டியிருக்க மாட்டீர்களா?