அணைக்காத கணினி

"கையெழுத்த மட்டும் போட்டுருங்க தங்கச்சி. மத்தத பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் மேனேஜர் அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளிடம் சொல்கிற முதல் வார்த்தையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி அது. கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. லினக்ஸின் கெர்னலில், அதாவது மொத்தக் கணினியையும் ஆளுகிற உள்பகுதியில், சென்ற வருடம் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. உள்ளே நுழைந்த யாரும் அதை வைத்து முழு அதிகாரத்தையும் பிடுங்கிக்கொள்ளலாம். பெட்டிகளில் பேட்ச் நம்பர், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண், அச்சடிக்கும் பழைய கணினியில் அந்த ஓட்டை அடைபட்டதா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் மறுபடி விசாரித்திருந்தார். அடைபட்டது என்று நான் கையெழுத்திட்ட கடிதம் மாலைக்குள் போகாவிட்டால் ஆர்டர் இல்லை.

"பாக்காம போட மாட்டேன்" என்று பேக்கிங் பகுதிக்குப் போனேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கணினியின் நெற்றியில் காய்ந்துகிடந்தன. எந்த கெர்னல் ஓடுகிறது என்று கணினியில் தட்டிப் பார்த்தேன். பழையது. ஓட்டை உள்ளது. ஆனால் புதிய கெர்னலும் உள்ளே இருந்தது, சென்ற வருடம் நானே ஏற்றியது. ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் அது வேலைக்கு வரும். கணினியோ நானூறு நாளுக்கு மேலாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு நா கூட நிக்கல. அப்படி வச்சிருக்கோம்" என்றார் அண்ணாச்சி, பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். "அணைக்கக் கூடாதுன்னு யாரு அண்ணாச்சி சொன்னா?"

"நீங்கதான ஒட்டிட்டுப் போனிய?"

பக்கவாட்டில், மஞ்சள் படிந்த ஒரு சீட்டு. 'அணைக்காதீர்கள்.' என் கையெழுத்தேதான். முன்பு ஒரு தடவை கரண்ட் போய், இரண்டு நாள் கணினி எழாமல் என் உயிரை வாங்கியபோது ஆத்திரத்தில் ஒட்டியது. சென்ற வருடம் புதிய கெர்னலை ஏற்றிவிட்டு அணைக்கப் போனேன். பேக்கிங் அவசரம், செத்த நேரம் பொறுங்கள் என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாடிக்கையாளருக்குப் போன கடிதத்தில் 'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? வெட்கமாக இருந்தது.

சீட்டைக் கிழித்துவிட்டு அணைத்தேன். பேக்கிங் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். எழாவிட்டால் ஆர்டரும் போகும், என் பிழைப்பும் போகும். நாலே நிமிடத்தில் எழுந்துவிட்டது, புதிய கெர்னலோடு.

"அம்புட்டுதானா?" என்றார் அண்ணாச்சி. அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

கடிதம் எழுதினேன். சென்ற வருடக் கடிதம் தவறு, கணினி இன்றுதான் சரியானது என்பது முதல் வரி. அதைப் படித்த அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது.

"இத எதுக்கு எழுதுதிய? அவிய இப்ப எப்படியிருக்குன்னுதான கேக்காவ?"

"போன வருசமும் அதத்தான் கேட்டாவ அண்ணாச்சி. நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

அவர் கம்பெனி முத்திரையை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கடிதத்தில் குத்தினார்.