காடைக்கூட்டு நாற்றம்

எனக்கு எழுத அவ்வளவாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்காகப் பேத்தி எங்கள் பாலையூற்று வீட்டில் காடை வளர்க்கிறாள். ஒரு சேவலுக்கு மூன்று பேடு. இன்று எச்சம் விழும் தட்டை இழுத்ததும் அந்தக் காரநெடி தொண்டையில் ஏறி, எனக்கு ஓங்காளித்தது.

என் சிறுவயதில் அப்பா குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், காடைக்கூடு வைத்திருந்தார். மாரியில் என் ஒரேயொரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் அங்கேதான் காயும். புளித்த எச்ச வாடை நூலுக்குள் ஊறிவிட்டது.

"காடை வருது, மூக்கைப் பொத்துங்கோடி!" என்று வகுப்பில் ஒரே வாங்கில் என் பக்கத்திலிருந்தவள் கத்தினாள். ரீச்சரும் எழும்பி யன்னலைத் திறந்தார்.

மறுநாள், "நான் பள்ளிக்கூடம் போகமாட்டன், அம்மா" என்றேன்.

"போகாட்டி கூட்டைக் கழுவு" என்றார் அம்மா. வருடக்கணக்காகக் கழுவினேன்.

"அம்மம்மா, இதுக்கு ரீச்சர் புள்ளி தருவா" என்கிறாள் பேத்தி. அவளுடைய சீருடையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான் பள்ளியை விட்டது நாலாம் வகுப்பிலோ ஐந்திலோ, நினைவில்லை. பழைய வரவு இடாப்பு இருந்தால், என் பெயர் எந்த வகுப்போடு நின்றதென்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.