இரண்டு ஓம்

கலாநிதி சேரின் சட்டைப் பையில் எப்போதும் மூன்று மார்க்கர் பேனைகள் இருக்கும். கறுப்பு, நீலம், சிவப்பு. என்னை வேலைக்கு எடுத்த முதல் நாளே வெள்ளைப் பலகையில் ஒரு நட்சத்திரம் வரைந்தார். நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிவர ஐந்து சின்ன வட்டங்கள், நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நடு வட்டத்துக்குள் கல்முனை என்று எழுதினார். "இதுதான் மகள் எங்கட திட்டம்" என்றார். வயதில் இளைய பெண்களை மகள் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கல்முனையில் கரண்ட் போனால் மற்ற ஐந்தும் என்ன செய்யும் என்று கேட்டேன். சிவப்புப் பேனையை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, "அத மறுகா பாப்பம்" என்றார். பிறகு என்ற அந்த மறுகா முழுவதையும் நான்தான் பார்த்தேன். கலாநிதி என்பது அவர் வாங்கிய பட்டம், பெயரில்லை. மரியாதைக்காக அவருடைய பெயரை எழுதாமல் விடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பெயரை அவர் விட்டார், அவருடையதை நான் விடுகிறேன், அவ்வளவுதான்.

அப்போது நான் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு, உம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதால் சாய்ந்தமருதுக்குத் திரும்பியிருந்தேன். வாப்பா மௌத்தாகிப் பல வருடம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு உதவியாளர் வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். கலாநிதி சேரின் ஆய்வுக்குத்தான் ஆள் தேடினார்கள். ஒரு துணிக்கடை நிறுவனத்துக்கு ஆறு கடைகள் இருந்தன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், உள்ளே சம்மாந்துறை. எந்தக் கடையில் என்ன துணி மிச்சம் இருக்கிறது என்று கேட்டால் ஆறு கடைக் கணினிகளும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்தாலும் பொய் சொல்லக் கூடாது. கேட்பதற்கு லேசான விடயம். ஆனால் தூரதூரமாக இருக்கிற கணினிகளை ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவதுதான் இந்தத் துறையின் தீராத தலையிடி. கலாநிதி சேர் அந்தத் தலையிடியை என்னிடம் தந்துவிட்டுக் கூட்டங்களுக்குப் போய்வந்தார்.

நான் பலகையை விட்டுவிட்டுக் கடைகளுக்குப் போனேன். நட்சத்திரம் எங்கள் ஊருக்குச் சரிவராது என்பது முதல் கிழமையே தெரிந்துவிட்டது. கல்முனைக் கடையில் மின்சாரம் நின்றதும் மற்ற ஐந்து கடைகளும் ஊமையாகின. நிந்தவூர்க்காரர் பக்கத்தில் இருக்கிற காரைதீவுக் கடையிடம் ஒன்று கேட்பதற்கும் கல்முனை வழியாகச் சுற்றிவர வேண்டியிருந்தது. கடற்கரை வீதியில் கடைகள் வரிசையாகத்தானே இருக்கின்றன, ஒவ்வொரு கடையும் தன் பக்கத்துக் கடைகளோடு நேரே பேசட்டும் என்று மாற்றி வரைந்தேன். அதற்கே கலாநிதி சேரோடு மூன்று தரம் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. நட்சத்திரம் அவர் வெளிநாட்டில் படித்தபோது வரைந்த நட்சத்திரமாம். அங்கே கரண்ட் போகாது என்பதை அவருக்கு யார் சொல்வது?

பிறகுதான் சாரிப் பிரச்சினை வந்தது. கல்முனைக் கடைக்கு ஒரு கலியாண வீட்டுக்காரர் வந்து, குங்குமச் சிவப்பில் ஒரு பட்டுச் சாரி கேட்டிருக்கிறார். அந்த வகையில் கடைசிச் சாரி நிந்தவூரில் இருந்தது. கல்முனைக் காசாளர் போன் எடுத்து, அதை எடுத்து வையுங்கள், பின்னேரம் ஆள் வரும் என்று சொல்லியிருக்கிறார். நிந்தவூர்க் கடையில் துணி விற்கிற ராத்தா, எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி, "ஓம், ஓம்" என்றிருக்கிறார். ஆம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஓம்தான். கலியாண வீட்டுக்காரர் வேன் பிடித்து நிந்தவூருக்குப் போனபோது சாரி வேறொருவருக்குக் கொடுபட்டிருந்தது. கடை வாசலில் ஒரு பெரிய சத்தம். முதலாளி ராத்தாவை எல்லோர் முன்னாலும் ஏசினார். அன்று நான் அங்கே கணினிக்கு முன்னால் இருந்தேன். ராத்தா அழவில்லை. முகம் சிவந்து, "நான் ஓம் எண்டது, நீங்க கதைக்கிறது கேக்குது எண்டதுக்கு. எடுத்து வெச்சிட்டன் எண்டு நான் சொல்லலியே!" என்றார். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

எங்கள் ஊரில் யார் போனில் கதைப்பதையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் ஒருவர் கதைத்துக்கொண்டே போவார், மற்றப் பக்கம் ஓம், ஓம், ஓம் என்று போய்க்கொண்டே இருக்கும். அது சம்மதமில்லை. நான் இன்னும் லைனில் இருக்கிறேன் என்பதுதான். சம்மதம் என்றால் அதே ஓமை வேறு குரலில், கொஞ்சம் நிறுத்திச் சொல்வோம். கணினிகளும் இதே பிழையைத்தான் செய்துகொண்டிருந்தன. செய்தி வந்தது என்ற பதிலை, சொன்னதைச் செய்துவிட்டேன் என்ற பதிலாக எடுத்துக்கொண்டன. இதற்குள் லைன் அறுந்தால் ஒரே சாரி இரண்டு இடத்தில் விற்கும். நான் இரண்டு பதிலையும் பிரித்தேன். முதல் ஓம், கேட்டது. இரண்டாவது ஓம், எடுத்து வைத்துவிட்டேன், இனி வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். இரண்டாவது வராமல் ஒருவரும் விற்கக் கூடாது. லைன் திரும்பி வந்தால் ஊகிக்காமல் மறுபடி கேட்க வேண்டும். கேட்டதையும் சம்மதித்ததையும் பிரிப்பது உலகத்தில் எவருக்கும் தோன்றாத விடயம் என்று நான் பெருமையடிக்க மாட்டேன். பெரிய பெரிய ஆய்வாளர்கள் அதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் இப்படி அடிக்கடி அறுகிற லைனில், எவ்வளவு நேரம் எடுத்து வைத்திருப்பது, எப்போது விட்டுவிடுவது என்ற கணக்கு என்னுடையது. என் கொப்பியில் அதற்கு இரண்டு ஓம் என்று தலைப்புப் போட்டேன்.

கலாநிதி சேரிடம் காட்டியபோது சிரித்தார். "இதென்ன மகள், சாரிக்கட கதையெல்லாம் ஆய்வுக்குள்ள கொண்டுவாறீங்க" என்றார். பிறகு நாங்கள் ஆறு கடைகளிலும் போட்டுப் பார்த்தோம். நாங்கள் என்று எழுதுவது என் பழக்க தோசம், நான் போட்டுப் பார்த்தேன். மழை, மின்வெட்டு, வீதி வெட்டி வயர் அறுத்தது, எல்லாவற்றையும் தாண்டி ஒரு துணிகூட இரண்டு தரம் விற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. கொப்பியைக் கேட்டு வாங்கினார். கட்டுரையாக எழுதுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்களில் எனக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைக்கும் நிலை இருந்தது. ஒரேயொரு நிபந்தனை, என் பெயரில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். உம்மாவையும் கூட்டிப் போகலாம், அங்கே நல்ல வைத்தியம் இருக்கிறது என்று நாங்கள் வீட்டில் கதைத்துக்கொண்டோம். கலாநிதி சேருக்கு இது எல்லாமே தெரியும். நான்தான் சொன்னேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

அவருடைய போன் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் உம்மாவோடு கிளினிக் வரிசையில் நின்றேன். முன்னால் தாதி இலக்கம் கூப்பிடுகிறார், பின்னால் ஒரு பிள்ளை வீரிட்டு அழுகிறது. அவர் கதைத்தால் முற்றுப்புள்ளி வராது. மாநாடு என்றார், கடைசித் திகதி என்றார், இரண்டு பெயர்தான் நல்லது என்றார், நன்றியுரை என்றார், பிறகு பார்ப்போம் என்றார். எனக்குப் பாதிதான் விளங்கியது. நான் "ஓம் சேர், ஓம் சேர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இலக்கம் வந்ததும் வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து மாநாட்டு நிகழ்ச்சி நிரல் இணையத்தில் வந்தது. கட்டுரையின் தலைப்பில் என் இரண்டு ஓம் அப்படியே இருந்தது. கீழே கலாநிதி சேரின் பெயர், அடுத்ததாக அந்தத் துணிக்கடைகளில் ஒன்றுக்குக்கூடக் கால் வைக்காத அவருடைய சக விரிவுரையாளரின் பெயர். நன்றியுரையில் "எமது ஆய்வு உதவியாளருக்கும்" என்று ஒரு வரி. நிந்தவூர் ராத்தாவின் கதையும் இருந்தது, ஆனால் அது கலாநிதி சேரின் மாமிக்கு நடந்ததாக மாறியிருந்தது. ஊரார் வீட்டு நெய்யே என்று அள்ளி ஊற்றியிருந்தார்.

அவருடைய அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. அவர் எழும்பவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

"அண்டைக்கு போன்ல கேட்டன்தானே மகள். நீங்க ஓம் எண்டீங்க" என்றார்.

"நீங்க கதைக்கிறது கேக்குது எண்டு சொன்ன ஓம் சேர் அது."

"அத நான் எப்பிடி மகள் விளங்கிக்கிற?"

இதைக் கேட்டவர் யாரென்று நினைத்துப் பாருங்கள். கேட்டதும் சம்மதித்ததும் ஒன்றில்லை என்று உலகத்துக்கே சொல்லிக் கொடுக்க அடுத்த கிழமை விமானம் ஏறவிருந்த மனிதர். நான் அன்று கத்தினேன். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முறைப்பாடும் கொடுத்தேன். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இல்லை என்று அதை மடித்து வைத்தார்கள். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு வெளிநாட்டு இடம் போனது. உம்மாவின் வைத்தியம் இன்றுவரை அதே கிளினிக் வரிசையில்தான் நடக்கிறது. நடந்தது நன்மைக்கே என்று எனக்கு ஆறுதல் சொன்ன எல்லோரையும் நான் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன், அன்போடு அல்ல.

இப்போது சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தே ஒரு கம்பனிக்கு வேலை செய்கிறேன். களஞ்சியங்களுக்கான பெரிய மென்பொருள், என்னோடு ஒன்பது பேர். புதிதாக வருகிறவர்களுக்கு நான் பொல்லாதவள் என்று பெயர். கூட்டத்தில் ஒருவர் ஓம் என்றால், என்ன ஓம் என்று எழுத்தில் கேட்பேன். யார் எழுதிய வேலையோ அவருடைய பெயர் அதில் இருக்கும். இல்லாவிட்டால் அது என் மேசையைத் தாண்டாது. ஆறு வருடத்தில் கலாநிதி சேரை நான் வீதியில்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மற்றப் பக்கம் போயிருப்பேன்.

இந்த வருடம் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் தெரிந்தவர்களிடம் வீடு வீடாகப் போய், பிழை ஏதும் இருந்தால் பொறுத்து ஹலாலாக்கித் தாருங்கள் என்று கேட்பது எங்கள் வழக்கம். மனிதனுக்கு மனிதன் செய்த பிழையை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும். ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வாசலில் அவருடைய கார் நின்றது. உம்மா பதறிப்போய்க் கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தாடி நரைத்திருந்தது. குரல் மட்டும் அதே குரல்.

"ஹஜ்ஜுக்குப் போறன் மகள். ஏதும் பிழ இருந்தா ஹலாலாக்கிருங்க."

"என்ன பிழ சேர்?"

"தெரிஞ்சும் தெரியாமலும் எவ்வளவோ இரிக்கும்தானே. மொத்தமாப் பொறுத்துக்கங்க."

"மொத்தமா ஏலா சேர்."

கதவடியில் நின்ற உம்மாவுக்குத் தாங்கவில்லை. "அவ பொறுத்துட்டா சேர். நீங்க மனங்குளிரப் போய்ட்டு வாங்க" என்றார். கலாநிதி சேர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவ்வளவு லேசாக முடிந்ததில் அவருக்குச் சந்தோசம்.

"இரிங்க சேர்" என்றேன். "அது உம்மாட வாய். நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

"புள்ள! ஹஜ்ஜுக்குப் போற மனிசன்" என்றார் உம்மா.

"தெரியும் உம்மா. சேர், நான் காசு கேக்கல்ல, கட்டுரையத் திருத்தவும் கேக்கல்ல. இன்னாரே, உங்கட பேர எடுத்துப்போட்டன், பொறுத்துக்கங்க எண்டு என்ட பேரச் சொல்லிக் கேளுங்க. இந்த இடத்திலயே பொறுக்கறன்."

பொய்யில்லை, பொறுத்திருப்பேன். ஆறு வருடம் இந்தக் கோபத்தைச் சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார், தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார்.

"மகள்..." என்றார்.

"மகள் இல்ல சேர். பேர்."

திறந்த வாய் திறந்தபடி நின்றது. கண் என் முகத்தில் எதையோ தேடியது, சுவரில் தேடியது, கடைசியில் உம்மாவிடம் போய் நின்றது. அவருக்கு என் பெயர் தெரியாது. பக்கத்து அறையில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன், அவருக்கு என் பெயர் தெரியாது. உம்மா எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். உம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் தலையை இழுத்து மூடிக்கொண்டு, அவர் குடித்து முடிக்காத தேத்தண்ணிக் கோப்பையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.