ஒரெஸ்ட் முதலிடம் கொடுத்த பையன்கள்

ஒரெஸ்ட் மெல்னிக் கை குலுக்க நீட்டினால் பையன்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நழுவ ஆரம்பித்தது டைசனின் விபத்துக்குப் பிறகுதான்.

அவர் எங்கள் ஊர்க்காரர். கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில், தானியக் கிடங்கையும் பனி அரங்கையும் தவிர உயரமாக எதுவும் இல்லாத ஊர். இளமையில் பனி ஹாக்கியில் தடுப்பாட்டம் ஆடி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். பிறகு நகரத்துத் தொழில்முறை ஹாக்கி அணிக்காக இளம் வீரர்களைப் பார்த்து எடைபோட்டுச் சொல்லும் வேலை. அரங்கின் மேல்வரிசையில், காலில் போர்வையைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். பையன் கோல் போடுவதை அவர் பெரிதாகக் கவனிப்பதில்லை. பக் என்னும் ரப்பர் வட்டைப் பறிகொடுத்த பிறகு என்ன செய்கிறான் என்று பார்ப்பார். இடைவேளையில் பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவன் நான். வண்டியிலிருந்து நிமிர்ந்தால் அவர் முகம்தான் தெரியும்.

செப்டம்பர் பயிற்சி முகாம் முடிந்ததும், அணி ஒப்பந்தம் போட்டு ஊர் அணிகளில் ஆடவிட்டிருக்கும் இளம் வீரர்களை அவர் வரிசைப்படுத்திக் கொடுப்பார். அணி அதை வெளியிடும். வானொலியில் ஒரு வாரம் அதே பேச்சாக இருக்கும்.

ஒரு வருடம் டேனர் டிக்கை முதலில் வைத்தார். கிறிஸ்துமஸுக்குள் அவன் முழங்கால் கிழிந்தது. அடுத்த வருடம் மிக்கா. தலையில் அடிபட்டு, ஜன்னலை மூடிய அறையில் மாதக்கணக்கில் கிடந்தான். அதற்கடுத்து டைசன் பெல்ரோஸ். பனிப்புயலில் அவன் வண்டி வழுக்கி லாரிக்கு அடியில் போனது. உயிர் பிழைத்தான், ஒரு கால் போயிற்று.

உடைமாற்றும் அறையில் பேச்சு கிளம்பியது. "கிழவன் உன்னையே பாக்குறான்டா. இன்ஷூரன்ஸ் எடுத்துட்டியா?" முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

நான்காவது வருடம் எல்லோருக்கும் மேலாக நின்றவன் எங்கள் ஊர் ஜூனியர் அணியின் கேசி வான்ட்ரெஸ்ட். அவன் அம்மா நோரீன் அரங்குக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுப்பவள். முகாம் முடிந்த வாரம் அவள் ஒரெஸ்டின் மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மேஜையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரெஸ்ட், என் பையனை முதல்ல போடாதீங்க."

"முதல்ல போடச் சொல்லி பெரோகிக் கொழுக்கட்டை செஞ்சு அனுப்புன அம்மாங்க உண்டு. நீ தலைகீழா கேக்குற."

"பெரோகி நானும் செஞ்சு தர்றேன். அஞ்சாவதா போடுங்க."

"அவன்தான் நோரீன் முதல் ஆள். மாத்தி எழுதுனா பொய்யாயிரும்."

"டைசனோட அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க, நீங்க உண்மையதான் எழுதுனீங்கன்னு."

மறுநாள் ஒரெஸ்ட் டைசனின் வீட்டுக்குப் போனார். டேனரையும் போய்ப் பார்த்தார். மிக்கா ஃபின்லாந்துக்குத் திரும்பியிருந்தான். அவனோடு தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது ஏதோ சாவு வீட்டிலிருந்து வந்தவர் போல இருந்தார்.

"சாபமும் இல்ல, மண்ணும் இல்ல" என்றார் என்னிடம். "முழங்கால் வலிக்குதுன்னு டேனர் சொல்லியிருக்கான். முதல் ஆளே உக்காந்தா எப்படின்னு இறக்கி விட்டிருக்காங்க. மிக்கா முதல் அடி பட்டதும் வாந்தி எடுத்துட்டு மறுபடி ஆடியிருக்கான். டைசன் ஆட்டம் முடிஞ்ச கையோட புயல்ல எதுக்குக் கிளம்புனான் தெரியுமா? காலையில விளம்பரப் போட்டோ. முதல் ஆள் வந்தே ஆகணுமாம்."

அந்த வருட வரிசையை அவர் இரண்டிலிருந்து தொடங்கி அனுப்பினார். இரண்டாவது கேசி. முதல் இடம் காலி. அணியின் மேலாளர் வென்டல் ஸ்ட்ரௌட் அன்றே தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரெஸ்ட் ஸ்பீக்கரில் போட்டார்; கேன்டீனில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது.

"தப்பா டைப் பண்ணிட்டீங்களா, ஒரெஸ்ட்?"

"இல்ல. அடிபட்டா முதல் ஆளுக்கும் ஓய்வு உண்டுன்னு எழுதிக் குடுங்க. நான் பேரைப் போடுறேன்."

"நம்பர் ஒண்ணைப் பாக்கத்தான் ஜனங்க வர்றாங்க. அவனை உக்கார வெச்சுட்டு நான் எதைக் காட்டுறது?"

இரண்டு நாளில் வரிசை வெளியானது. எல்லோரையும் ஒரு படி ஏற்றிவிட்டிருந்தார்கள். முதலில் கேசி. கீழே ஒரெஸ்டின் பெயர். அன்றே அவர் வேலையை விட்டார்.

நவம்பரில் கேசி பெஞ்சுக்குத் திரும்பும்போது இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது. எனக்கே தெரிந்தது. ஆட்டம் முடிந்து அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியில் ஒரெஸ்ட் நின்றார்.

"தோள் எப்படிப்பா இருக்கு?"

"நல்லாதான் இருக்கு."

"வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லு. ஒரு மாசம் உக்காந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

கேசி பையை வலது தோளுக்கு மாற்றினான். "சொன்னா, அடுத்த வருஷம் என்னை எத்தனாவதா போடுவாங்க?" கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

நோரீன் தொழில்முறை அணிக்குத் தொலைபேசி செய்தாள். பையன் பதினெட்டு தாண்டியவன், அவனே பேசட்டும் என்றார்கள். அவன் பேசவில்லை. வாரநாளில் இங்கே ஆடினான்; வார இறுதியில் நகரத்துக்குக் கூட்டிப்போய் அங்கேயும் இறக்கினார்கள். வலி தெரியாமலிருக்கத் தோளில் ஊசி போட்டார்கள். டிசம்பர் முழுக்க அவன் கோல்களாகக் குவித்தான். ஊரே எழுந்து கத்தியது. நோரீன் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்திலும் எண்ணெய்ச் சட்டி பக்கம் திரும்பி நின்றாள்.

ஜனவரியில், மைனஸ் நாற்பது குளிரில், நடந்தது. பெரிய மோதல்கூட இல்லை. பலகைச் சுவரோரம் பக்குக்காக இரண்டு பேர் சாய்ந்தார்கள். எழுந்தபோது கேசியின் கை உடம்போடு சேராத எதையோ போலத் தொங்கியது. நோரீன் அடுப்பை அணைத்துவிட்டு, ஏப்ரனோடு பனிமேல் நடந்து போனாள். மேல்வரிசையில் ஒரெஸ்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு முறை அறுவை செய்தார்கள். கை தோளுக்கு மேல் உயரவில்லை. கேசி இப்போது தானியக் கிடங்கில் எடை பார்க்கிறான்.

அடுத்த செப்டம்பரில் புது ஆள் போட்ட வரிசை வந்தது. முதலிடம் மறுபடியும் எங்கள் ஊர்ப் பையனுக்கே. அவன் பெற்றோர் கேன்டீனுக்குப் பெரிய கேக் கொண்டு வந்தார்கள். நடுவில் நீலக் க்ரீமில் 1 என்று போட்டிருந்தது. பாட்டுப் பாடினார்கள். பையன் வெட்கத்தோடு சிரித்தான்.

கத்தியை நோரீனிடம் கொடுத்தார்கள். அவள் அந்த எண்ணில் கத்தி படாமல் ஓரத்திலிருந்து துண்டு போட்டு, ஒவ்வொருவருக்கும் தட்டில் வைத்து நீட்டினாள்.